மிளகாய்க்குப் பின்னால் போன கோதுமை

போன வாரம் ஒரு மனிதருக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுக்கப் பார்த்தேன். பொறாமையால் அல்ல, பகையால் அல்ல... மிளகாய்த் தூளால்!

இதை எழுதலாமா என்று வீட்டில் கேட்டேன். “தாராளமா எழுதுங்க. உங்க தப்பை மட்டும் முழுசா எழுதுங்க” என்றாள் கமலம். ஆகவே முழுசாகவே எழுதுகிறேன்.

கெர்பாவ் ரோட்டில் நாங்கள் இருப்பது மாடியில். கீழே பின்பக்க அறையில் ஆ ஹோக் என்ற சமையற்காரர் குடியிருக்கிறார். ஹைனான் தீவுச் சீனர். தங்ளினில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பதினெட்டு வருஷம் சமைத்தவர். துரை குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். ஆ ஹோக்கிடம் மிஞ்சியது ஒரு நற்சான்றுக் கடிதமும், ரொட்டி வெட்டும் கத்தியும்தான். மூன்று மாதமாக வேலை இல்லை. ஐம்பதைத் தாண்டிய சமையற்காரரை யார் தேடி வந்து கூப்பிடுகிறார்கள்?

கடைசியில் ஒரு வெள்ளைக்கார மேம் கூப்பிட்டார். கடிதத்தைப் படித்தார், திருப்திதான். ஆனால் ஒரு நிபந்தனை. அவர்கள் வீட்டில் முழுக் கோதுமை ரொட்டிதான் சாப்பிடுவார்களாம். கடை ரொட்டி ஆகாது. வெள்ளை மாவு கண்ணிலேயே படக்கூடாது. “சனிக்கிழமை காலையில் ஒரு ரொட்டி சுட்டுக்கொண்டு வா. சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அனுப்பிவிட்டார்.

ஆ ஹோக் வெள்ளை மாவில் மன்னர். முழுக் கோதுமை மாவுக்கு எங்கே போவார்? கடை கடையாக ஏறி இறங்கிக் கிடைத்த ஒரே பொட்டலத்தில் மாவைவிட வண்டு அதிகம். அப்போதுதான் மாடிவீட்டு ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு பை கோதுமையை வாங்கிக்கொண்டு எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“நீங்க வீட்டுக்கு மாவு அரைப்பீங்களே... எனக்கும் அரைச்சுத் தர முடியுமா?”

கேட்டது மலாயில். கமலத்துக்கும் அவருக்கும் பொதுவான பாஷை அதுதான். இரண்டு பேரும் பேசுகிற மலாயை உண்மையான மலாய்க்காரர் கேட்டால் கண்ணீர் விடுவார். ஆனால் அவர்களுக்குள் ஒரு சொல் வீணாவதில்லை!

“போலே லா!” என்றாள் கமலம். முடியும் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மில்லுக்குத் தூக்கிப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. புறப்படும்போது வாசல்வரை வந்து சொன்னாள். “நமக்கு முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேளுங்க. மிளகாய்னா ஒதுங்கி நில்லுங்க. மல்லி, மஞ்சள் வெச்சிருக்கிறவங்க போடட்டும். அப்புறம் யாராச்சும் அரிசி போடட்டும். அதுக்கப்புறந்தான் நம்ம கோதுமை. மறந்துடாதீங்க.”

மறப்பேனா? சிராங்கூன் ரோட்டு மில்லில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த சட்டம் அது. எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனாலும் மிளகாய் போன மெஷினில் அடுத்ததாக அரிசியோ கோதுமையோ போட யாரும் முன்வர மாட்டார்கள். மெஷின் காலியாக இருந்தாலும் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் போனபோதும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். “சார், பேப்பர்ல வாராவாரம் எழுதுறது நீங்கதானே?”

ஆமாம் என்றேன், அடக்கமாக.

“நீங்க ஏன் சார் வரிசையில நிக்கிறீங்க? முதல்ல நீங்க போடுங்க. என் அரிசி அப்புறம் போகட்டும்!”

அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் அன்போடு வழிவிட்டார்கள். எழுத்துக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தும்மல்கூட வந்தது... அதையாவது கவனித்திருக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆ ஹோக் ரொட்டி சுட்டார். முதல் துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். காது சிவந்தது. நேரே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். கமலமும் ஒரு துண்டை வாயில் வைத்தாள். வைத்தவள் என்னைத்தான் பார்த்தாள்.

“யாருக்குப் பின்னாடி போட்டீங்க?”

“ஒரு வாசகர்... ரொம்ப மரியாதையா...”

“மரியாதையா? தன் அரிசி கெடாம இருக்க உங்களை முன்னாடி விட்டிருக்காரு!”

ஆ ஹோக் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “மேம் ஒரு வாய் வெச்சாப் போதும். அப்புறம் கேட்டைத் தாண்டி உள்ள விட மாட்டாங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பெரிய மனிதராக நடந்துகொண்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டு, அடுத்தவர் சோற்றில் மிளகாய்த் தூளைத் தூவியிருக்கிறேனே!

மில்லுக்குக் கொண்டுபோகாத பாதிக் கோதுமை பையில் மீதி இருந்தது. “இனி மில்லே வேணாம்” என்று கமலம் படிக்கட்டுக்கு அடியிலிருந்து திருகையை உருட்டி வந்தாள். உளுந்து உடைக்க மட்டும் எப்போதாவது வெளியே வருகிற இரண்டு வட்டக் கல். வெள்ளிக்கிழமை எனக்கு அரைநாள் லீவு. தண்டனை அறிவிக்கப்பட்டது. அவள் கோதுமையைப் பிடிபிடியாகப் போட, நான் சுற்ற வேண்டும்.

பத்து நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் அந்த வாசனை! கல்லின் விளிம்பிலிருந்து வெதுவெதுப்பாக மாவு வழிந்தது. முதல் மழை விழுந்த மண்ணும் பாலும் சேர்ந்தாற்போல் ஒரு மணம். நாற்பது வருஷமாகக் கோதுமை சாப்பிடுகிறேன். கோதுமைக்கு என்று ஒரு வாசனை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று தடவை அரைத்தோம். கமலம் பழக்க தோஷத்தில் சலித்துத் தவிட்டை ஒதுக்கினாள், பால்காரர் மாட்டுக்கு. ஆ ஹோக் பதறி ஓடிவந்தார். “கொட்டாதீங்க, கொட்டாதீங்க! மேம் கேட்கிறதே அதைத்தான்!”

மாட்டுக்குப் போடுவதை பங்களாவில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களா? கமலம் மூக்கில் விரலை வைத்தாள். தவிடு மறுபடியும் மாவில் சேர்ந்தது.

ஆ ஹோக் வழக்கமான அளவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். கமலம் ஒரு சிட்டிகையை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். “பத்தாது. கல்லுல அரைச்ச மாவு தண்ணி குடிக்கும். இன்னும் விடுங்க. கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் பிசைங்க.” பதினெட்டு வருஷம் ரொட்டி சுட்ட கை, வாழ்நாளில் ஒரு ரொட்டிகூடச் சுடாத ஒருத்தியின் முன்னால் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு செம்பை எடுத்து இன்னும் தண்ணீர் விட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொழில் தெரிந்தவர்தான் இப்படிப் பணிய முடியும் போலிருக்கிறது.

ஈரத் துணியின் கீழே மாவு கிடந்தது. கால் மணிக்கு ஒரு தடவை நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஆ ஹோக் என் கையில் ஒரு அடி வைத்தார். ஆனாலும் பார்த்துவிட்டேன். சட்டிக்குள் பாதியில் கிடந்தது விளிம்புவரை வந்து நின்றது! விரலால் தொட்டால் உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வந்தது. தினமும் காலையில் ரொட்டிக்காரரிடம் வாங்கித் தின்றிருக்கிறேன். அது இப்படி மூச்சு விட்டு வளர்ந்த பொருள் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? அந்தச் சட்டிக்கு முன்னால் எனக்குக் கைகூப்பத் தோன்றியது. சொல்ல வெட்கமில்லை.

மண்ணெண்ணெய் டின்னில் செய்த அடுப்பு. கீழே கரி நெருப்பு, மேலே தகட்டில் கரி நெருப்பு. வெளியே எடுத்த ரொட்டியைக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார் ஆ ஹோக். கமலமும் கேட்டாள். நானும் கேட்டேன். டொக்கென்று வெறும் பெட்டிச் சத்தம். “வெந்துடுச்சு” என்றார். ருசி பார்க்க வெட்ட முடியாது, முழு ரொட்டியாகக் கொண்டுபோக வேண்டும். மூன்று பேரும் முகர்ந்து பார்த்ததோடு சரி.

சனிக்கிழமை காலை அதை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்கு எங்களுக்கு வேறு வேலையே ஓடவில்லை. கமலம் அரிசியில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

பகல் ஒரு மணிக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம். கையில் வெறும் துணி மட்டும். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“போலே!”

மேம் முதல் துண்டை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாராம். இரண்டாவதை வெறுமனே சாப்பிட்டாராம். திங்கட்கிழமையிலிருந்து வேலை. மாவு எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்.

“வாங்கலைன்னு சொன்னேன். என் தங்கச்சி வீட்டுல அரைச்சதுன்னு சொன்னேன்” என்றார் ஆ ஹோக்.

கமலம் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் புகை என்றாள். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை.

எனக்கு இந்த ஊரில் மச்சான் இல்லாத குறை ஒன்று இருந்தது. அதுவும் தீர்ந்தது. இனி மேம் வீட்டு ரொட்டி மாவுக்காகச் செவ்வாயும் வெள்ளியும் திருகை சுற்றப் போவது நான்தான்... மில் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது மச்சான் உத்தரவு!