பஸ் கிளம்பியதும் அணையும் இயந்திரங்கள்

சிக்கனம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தேன். மென்பொருள் எழுதிச் சோதிக்கும் கணினி இயந்திரங்களை இணையம் வழியாகக் கிளவுடில் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஓடுகிற நேரத்துக்கெல்லாம் வாடகை. எங்கள் மேலாளர் பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்தவர். ஆளில்லாத இடத்தில் மின்விசிறி சுற்றினால் அவருக்குச் சோறு இறங்காது. ஆள் போனதும் இயந்திரமும் தானாக அணைய வேண்டும் என்றார். அதற்கான ஸ்கிரிப்ட் என்ற குட்டிப் புரோகிராமை எழுதியது நான்தான். கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும். ஆறு மணிக்கு எல்லாம் அணையட்டும் என்று வைத்தேன். மேலாளரின் இயந்திரத்தை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. வாடகை குறைந்தது, மேலிடத்தில் அவருக்குப் பாராட்டு.

எங்களோடு பிள்ளைப்பாக்கத்துப் பெண் ஒருத்தி ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். உற்பத்தி லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் பதிவு செய்யும் புரோகிராம் அவளுடையது. மாதக் கடைசிக்குள் அது சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் நீளும். இரவு ஷிப்டின் தரவு அவள் கைக்கு வரக் காலை பத்து மணியாகும். அதை வைத்துச் சோதனை ஒன்பது மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். ஆறு மணிக்கு என் ஸ்கிரிப்ட் அதை நிறுத்திவிடும். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவாள்.

மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தாள். குரல் உயரவே இல்லை.

"உங்க ஸ்கிரிப்டுக்கு பஸ் டைம் தெரியுது சார். காண்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு பஸ்ஸே கெடையாதுன்றது தெரியல."

உண்மைதான். அவள் வேலை முடிந்த பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிறவள். நாங்கள் சீட் பிடிக்க ஓடும்போது அவள் நாற்காலியிலேயே இருந்ததை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பேனா? அவமானமாக இருந்தது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள் என்றார். "வேலைய முடிக்கத் துப்பில்ல, மெஷின் மேல பழி போடுறாங்க," என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன? சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாதம் முடிந்தது. வேகம் போதவில்லை என்று எழுதி அவளை அனுப்பிவிட்டார்கள். அன்று அவள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். மேலாளர் ஒரு வாரமாக ஊரிலேயே இல்லை. அவருடைய இயந்திரம் இரவும் பகலும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயருக்குக் கீழே அவளுடையதையும் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். அனுமதி இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்றுதான் அத்தனை நாளும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அவருடையதைச் சேர்த்தபோது நான் யாரைக் கேட்டேன்?