பிள்ளைக்காம்பராவில் நான் எழுதிய ‘சும்மா’

போன வாரம் தங்கையின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருந்தேன். மருத்துவமாது திரிபோஷா சத்துமா பக்கெட் இரண்டைக் கையில் தந்தார். ஒன்றின் ஓரம் கிழிந்து, வறுத்த மாவின் வாசம் குப்பென்று வந்தது. சின்ன வயதில் தம்பிக்கு வந்ததையெல்லாம் சீனி போட்டு உருட்டித் தின்று வளர்ந்த உடம்பு இது. கூச்சமில்லாமல் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டேன். ஆனால் நினைவில் வந்தது தம்பியல்ல. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பரா.

அதற்கு முன் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்த எங்களுக்குக் கடைசி வருட விடுமுறையில் எங்காவது பயிற்சி எடுத்தாக வேண்டும். எனக்குக் கொழும்பில் ஓர் ஆலோசனைக் கம்பனி கிடைத்தது. மற்றக் கம்பனிகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற கம்பனி என்று அப்பாவுக்கு விளக்கினேன். “ஏன், அது அவங்களுக்கே தெரியாதா?” என்று கேட்டார். 

எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர் திலான். சிங்களத்தில் அண்ணனை ஐயா என்பார்கள் இல்லையா, ஒபிசில் எல்லோரையும் போல நானும் “திலான் ஐயா” என்றேன். அதைப் போனில் கேட்ட அம்மா பதறிப் போனார். “பெரிய மனுசரப் பேரச் சொல்லிக் கூப்புடாத புள்ள, வெறும் ஐயான்னு சொல்லு.” அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம். நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அவரைத் திட்டக் கூடாது.

அந்த றொசல்லத் தோட்டத்தை நடத்துகிற கம்பனிக்காக, தோட்டத்தில் யார் எந்த நேரம் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். தமிழ் தெரிந்தவள், அதுவும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள் என்பதால் என்னை அனுப்பினார்கள். பெருமையில் கால் நிலத்தில் படவில்லை. புதுச் சப்பாத்து, கழுத்தில் கம்பனி அட்டை. முதல் நாளே சப்பாத்துக்குள் நாலைந்து அட்டை புகுந்துகொண்டது. மேலே ஓர் அட்டை, கீழே பல அட்டை என்று நொண்டிக்கொண்டு திரிந்தேன். கொழுந்தெடுக்கிற பெண்கள் சிரித்துவிட்டு, சவர்க்காரத்தைத் தேய்க்கச் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதுகூட மறந்துபோயிருந்தது.

கையில் தொடுதிரை டெப் ஒன்று தந்திருந்தார்கள். கால் மணிக்கொரு தரம் ஆளிடம் கேட்டு, பட்டியலில் ஒன்றைத் தட்ட வேண்டும். பட்டியலின் கடைசிச் சொல் ‘ஐடில்’, அதாவது வேலையின்றி இருத்தல். பயிற்சியில் ஒரு விதி சொன்னார்கள்: அவர்கள் சொல்வதைப் பதி, உன் அபிப்பிராயத்தைச் சேர்க்காதே.

தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவுக்கு ஒருநாள் முழுக்க என்னைப் போட்டார்கள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அறை அது. பார்த்துக்கொண்டவர் பார்வதி அக்கா. அடுப்பில் பால், கொடியில் ஈரத் துணி, எங்கும் திரிபோஷா வாசம்.

“என்னக்கா செய்றீங்க?”

“சும்மாதாம்மா இருக்கேன்.”

மடியில் ஒரு குழந்தை. கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. கை துணி மடித்தது. நான் ஐடிலைத் தட்டினேன். அடுத்த கால் மணிக்கும் கேட்டேன். அதே பதில். அன்று எத்தனை தரம் தட்டினேன் என்று எண்ணவில்லை. பால் கொடுக்க ஓடிவந்த தேவி என்ற பெண், தன் குழந்தையை என்னிடம் தந்து கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னாள். அந்தக் கால் மணிக்கு நான் மட்டும் வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அம்மாவும் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே “சும்மாதான் இருக்கேன்” என்பவர்தான். வேலை செய்கிறேன் என்று வாயால் சொல்வது எங்கள் ஆட்களுக்குப் பீற்றலாகத் தோன்றும். கொழும்பிலிருந்து வேறு யாராவது வந்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். தெரியும் என்பதற்காகத்தான் அனுப்பினார்கள்.

கொழும்பு ஒபிசில் அறிக்கையின் வரைபடம் திரையில் விழுந்தபோதுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. வேலை பச்சை, ஐடில் சிவப்பு. பார்வதி அக்காவின் நாள் முழுதும் சிவந்து கிடந்தது. கீழே பரிந்துரை: மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவை மூடிக் கீழ் டிவிசனோடு சேர்க்கலாம்.

‘சும்மா’ என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை என மூச்சு வாங்க விளக்கினேன். திலான் ஐயாவுக்கு உடனே புரிந்தது, அதுதான் கொடுமை. சிங்களத்தில் சொன்னார்: “எங்க அம்மாவும் நிகங் இன்னவா, சும்மா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க நங்கி. ஆனா அறிக்கை தோட்டக் கம்பனிக்குப் போயிட்டுது. ஒரு சொல்லுக்காகத் திருப்பி வாங்க ஏலாது.” திரும்பப் போய்ப் பார்த்து எழுதுகிறேன் என்றேன். “உங்க பயிற்சி வெள்ளிக்கிழமை முடியுதே” என்றார். பரிந்துரையை மாற்றச் சொல்லி ஒபிசுக்கு இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டுக்கும் நன்றி என்று பதில் வந்தது.

சனிக்கிழமை நானே ரயிலேறிப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். செய்தி எனக்கு முன்னே போயிருந்தது. தேவி வாசலில் அழுதுகொண்டிருந்தாள். “கீழ புள்ளய விட்டுட்டு மேல ஏறி வர்றதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிருங்க. அப்புறம் வேலை ஏதுங்க?” காலையில் பேர் கொடுக்கிற நேரம் தப்பினால் அன்றைய நாள் போனதுதான்.

பார்வதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “யாரோ நான் வேலை செய்யலன்னு எழுதிட்டாங்களாம் தங்கச்சி. நீங்க நாள் பூரா கூட இருந்தீங்க. நீங்க பாத்தீங்கதானே? நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? அப்படி எழுதியது நான்தான் என்று சொல்ல அங்கே போனவள், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். கோழை என்று என்னை நானே எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன், ஒன்றும் மாறவில்லை.

ஆறு வருடம் கழித்து, போன பொங்கலுக்கு முன்னால் அட்டன் பஸ் ஸ்டாண்டில் தேவியைக் கண்டேன். அட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாளாம். பார்வதி அக்கா கொழும்பில் யார் வீட்டிலோ பிள்ளை பார்க்கிறாராம். பிள்ளைக்காம்பராவில் இப்போது உர மூட்டை. மேல் டிவிசனில் இளந்தாய்மார் ஒருவரும் மலைக்குப் போவதில்லை, பாதி லயம் பூட்டிக் கிடக்கிறது என்றாள். எல்லாவற்றையும் ஊர்ச் செய்தி போலச் சொன்னாள்.

பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் மகள் நின்றாள். தேவி அவளைத் தோளில் தட்டினாள். “இந்த அக்கா ஒன்னயக் கையில வச்சிருந்தவங்க. நமக்காகக் கொழும்புல பேசுனவங்க. கும்பிடு.”

அந்தப் பிள்ளை புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பியது.