வியாழக்கிழமை மருந்தின் கணக்கு

1. விடுமுறை நாளில் ஒரு வரிசை

புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கணவருக்கு லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் வேலை. அந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, வியாழன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரமே வியாழக்கிழமை சாப்பாட்டு டப்பாவும் கையுமாகப் போய் நின்றேன்.

மெஷின் எதுவும் ஓடவில்லை. டிஸ்பென்சரி வாசலில் மட்டும் வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அங்கேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அவர்களுக்கும் மனைவிமாருக்கும் வியாழக்கிழமைதோறும் இலவசமாக மருந்து கொடுப்பது வழக்கமாம். பழைய முதலாளி வாயால் சொன்னது, எழுத்தில் எங்கேயும் கிடையாது. மருந்து பில் வரும், 'ஸ்டாஃப் வெல்ஃபேர்' என்று எழுதுவோம், அத்தோடு சரி. லேத் ஓட்டி ரிட்டயர் ஆன மோரே காகாவை அங்கேதான் முதலில் பார்த்தேன்; காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. மனைவிக்கு இன்சுலின் வாங்க ஐஸ் போட்ட பிளாஸ்கோடு வந்திருந்தார்.

2. "இவங்க யாரு ஆன்ட்டி?"

இரண்டாயிரத்துக்குப் பிறகு புது அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் வந்தது. ரிட்டயர் ஆனவர்களுக்கு இனிமேல் கொடுக்கப்போவதையும் இன்றைக்கே கடனாகக் காட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் நடராஜன் சார் கோயம்புத்தூர்க்காரர். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"கிராஜுவிட்டி, லீவு சம்பளம், அவ்வளவுதானுங்கம்மா. வேற ஒண்ணும் இல்லீன்னு எழுதிருங்க."

எழுதிவிட்டேன். டிஸ்பென்சரி எங்கள் இரண்டு பேர் நினைவுக்கும் வரவில்லை. கண்ணெதிரே தினமும் இருக்கும் சுவர் மாதிரி அது.

ஸ்டாக் எண்ணுவது எப்போதும் விடுமுறை நாளில்தான். அதற்காக ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வித்யா வந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"இவங்கள்லாம் யாரு ஆன்ட்டி? இன்னிக்கு சுட்டி, லீவுதானே?"

சொன்னேன். பேனாவை எடுத்துவிட்டாள்.

"எழுதி குடுக்கலேன்னா என்ன? இத்தனை வருஷமா குடுக்கறீங்க, அவங்களும் பரோசா வெச்சு, நம்பி வராங்க. அப்போ இதுவும் லயபிலிட்டிதான், ஹை நா?"

சத்தியமாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாய்ச்சொல்லுக்கும் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு இடம் கிடைக்கிறதே!

3. எல்லோருக்கும் ஒரே பிறந்தநாள்

யார் இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள், எவ்வளவு மருந்து சாப்பிடுவார்கள் என்று கணித்துச் சொல்பவர் ஆக்சுவரி. மும்பையில் ஒருவருக்குப் பட்டியல் அனுப்பினோம். திருப்பி அனுப்பினார். பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தநாள், டேட்டா தப்பு என்றார். இந்த ஊரில் அந்தக் காலத்து வாத்தியார்கள் பள்ளியில் சேர்க்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் தேதியைத்தான் போட்டார்கள் என்று போனில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்தது.

கடைசியில் தொகை வந்தது. நடராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்கம்மா, போன வருஷம் குடுத்த அதே மாத்திரைதானுங்களே? இத்தனை பெருசா எப்படி வரும்?"

இனிமேல் கொடுக்கப்போகும் அத்தனை வருடமும் சேர்த்து சார் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பாதிதான் புரிந்தது. முதல் தடவை என்பதால் அந்தத் தொகையை, முந்தைய வருட லாபங்கள் சேர்ந்திருந்த பழைய ரிசர்விலிருந்து கழிக்கலாம் என்று விதி இருந்தது. கழித்தோம். அந்த வருட லாபம் ஒரு பைசா குறையவில்லை.

4. நோட்டீஸ்

அப்போது எம்.டி. நாற்காலியில் பழைய முதலாளியின் மகன் இருந்தார். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். அதுவரை டிஸ்பென்சரி என்று ஒன்று இருப்பதே அவர் கண்ணில் பட்டதில்லை.

"குடுக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்? பந்த் கரோ, நிறுத்துங்க."

அடுத்த நிதியாண்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ரிட்டயர் ஆனவர்களுக்கு இனி மருந்து கிடையாது. மருந்து இல்லையென்றால் கடனும் இல்லை. எழுதிவைத்த தொகையை எடுத்துவிட வேண்டும். எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அந்த வருட லாபத்தோடு கூட்ட வேண்டுமாம்.

"சார், வெக்கும்போது பழைய ரிசர்வ்ல கழிச்சோம். எடுக்கும்போது மட்டும் இந்த வருஷத்து லாபமா?"

"ரூல்ஸ் அப்படித்தானுங்களே. எனக்குந்தான் தலை சுத்துது. எதுக்கும் அந்த வித்யா புள்ளைய இன்னொருக்கா கேட்டுப் பாருங்க."

கேட்டேன். சரிதான் என்றாள். அவள் குரலும் இறங்கியிருந்தது. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாம் டேலி ஆயிற்று. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் தன் வேலையைச் செய்தாள். வாக்கை மறைக்காதே என்றுதான் விதியும் சொன்னது. அப்படியிருக்க, கணக்கில் ஏறாத வரை பத்திரமாக இருந்த மருந்து, ஏறியதும் எப்படிப் போயிற்று?

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிட்டயர் ஆனவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஏதாவது கண்ணில் பட்டால், அது தொடரும் என்று முதலில் போர்டில் தீர்மானம் வாங்கப் பாருங்கள். அப்புறம் ஆக்சுவரிக்கு எழுதுங்கள். எங்கள் இடத்தில் எல்லாமே தலைகீழாக நடந்தது.

5. மோரே காகா

கணக்கு முடித்து ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் மோரே காகா அக்கவுண்ட்ஸுக்கு வந்தார். அவர் மகனும் அதே கம்பெனியில்தான் இருந்தான். இன்சுலினை இப்போது கடையில் வாங்குவதாகவும், மாதக் கடைசியில் ஊசியைக் குறைத்துப் போடுவதாகவும் சொன்னார். அவர் முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"மேடம், இந்த வருஷம் கம்பெனிக்கு நல்ல லாபமாமே, பையன் சொன்னான். அப்போ நம்ம டிஸ்பென்சரியைத் திறந்துடுவாங்க, இல்லையா?"

அவரிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த மராத்தியில், "காகா, அதை மூடினதுலதான் அந்த லாபமே வந்தது" என்றேன்.

அவர் சிரித்தார்.

"உங்களுக்கு மராத்தி இன்னும் சரியா வரலை மேடம். வார்த்தை மாறிப்போச்சு. மெதுவா, இன்னொரு தடவை சொல்லுங்க."

மெதுவாக, இன்னொரு தடவை, அதையேதான் சொன்னேன்.