ஆளில்லாப் பள்ளியில் ஒன்பதாம் வாய்ப்பாடு

இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தப் பக்கம் மலையேற வழி சொல்லுங்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வழி பழையது. எழுபதுகளில் பதுளையில் ஒரு கந்தோரில் எழுத்தராக இருந்தேன். பிள்ளைகள் குறைந்த தேயிலைத் தோட்டப் பள்ளிகளைப் பார்த்து, நடத்தலாமா மூடலாமா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. தலை எண்ணுவதில் நான் மகா கறார்.

அப்படியொரு பள்ளியைப் பார்க்க ஒருநாள் காலை 6.10க்குப் பதுளையில் பஸ் ஏறினேன். பெரகல சந்தியில் 8.20. தேநீர்க்கடை நானா நான் போகும் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். "அந்த இஸ்கூல்ல புள்ளைங்களே இல்லியே. பாடச் சத்தம் மட்டும் கேக்குமாம்," என்றார். சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன், டிக்கெட் முப்பது சதம். கொஸ்லந்தவுக்குச் சற்று முன்னால் இறங்கி மூன்று மைல் ஏற்றம். கால் முழுக்க அட்டை.

பத்தேகாலுக்கு மூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. மேலேயிருந்து ஓர் ஆண்குரல், "ஒம்போதேழு?" என்றது. எனக்குப் பின்னால், ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து பல குரல்கள், "அறுவத்துமூணு!" என்றன. ஓடாத குறையாகப் பள்ளிக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் எல்லாம் காலி. ஆசிரியர் மட்டும் ஜன்னல் வழியே தேயிலை மலையைப் பார்த்து நின்றிருந்தார்.

"கொழுந்து மலிஞ்சிருக்குங்க. காலைல பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்பவே புள்ளைங்களையும் மலைக்கு இழுத்துக்கிறாங்க," என்றார். "அதுங்க காது இங்கதாங்க இருக்கு. மூடிறாதீங்க சார்."

வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்பது விதி. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளியை மூடி, ஆசிரியரை வேறெங்கோ மாற்றினார்கள்.

அடுத்த வருடம் வேறு வேலையாக அதே பாதையில் போனேன். அதே மூட்டம். பள்ளிக்கதவுப் பூட்டு துருப்பிடித்திருந்தது. கீழே, "ஒம்போதெட்டு?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. கொழுந்து பறிப்பவராக இருக்க வேண்டும். "எழுவத்திரெண்டு!" என்று நாலா பக்கமும் எழுந்தது. பழக்கதோஷத்தில் குரல்களை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒம்போதொம்போது?"

என்னை அறியாமல், "எண்பத்தொன்று," என்றேன்.

எல்லாம் அடங்கிவிட்டது. பிறகு அந்தப் பெண்குரல் மிகப் பக்கத்தில், "யாருங்க அங்க?" என்றது. பெயர் சொல்லாமலே விறுவிறுவென்று இறங்கிவிட்டேன்.

போகிறவர்கள் கம்பளிச்சட்டையும், அட்டைக்குக் காலில் தேய்க்கச் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். மூட்டத்துக்குள்ளிருந்து யாராவது யாரென்று கேட்டால், நின்று பெயரைச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.