கூடுதலாக ஒரு பொத்தான்

எங்கள் ஜீன்ஸ் தொழிற்சாலையில் தீப்பயிற்சிப் பதிவேட்டை எழுதுவது கிலோன்சோ அண்ணன். ஆத்தி ரிவர் ஊரில் எத்தனையோ ஆலைகள் இருக்கின்றன. வேறெங்கும் ஒரு நோட்டுப் புத்தகம் ஒரு மனிதனை இந்தப் பாடு படுத்தியிருக்காது.

மணி அடித்தால் எல்லோரும் வெளியே ஓடி, வேலியோரம் கூடுமிடப் பலகையின் கீழ் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் அவர் விரலை நீட்டித் தலை எண்ணினார். எங்கள் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஆட்டையா எண்ணுறீங்க? மனுசங்களை எண்ணினா ஒருத்தர் குறைஞ்சுடுவாங்கன்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

அவரும் அதே நம்பிக்கை உள்ள கம்பா இனத்து வீட்டுப் பிள்ளைதான். உள்ளூர அவருக்கும் பயம். ஜீன்ஸில் வைக்கும் பித்தளைப் பொத்தானை ஆளுக்கொன்று கொடுத்தார். வெளியே வந்ததும் அதை டப்பாவில் போட வேண்டும், பயிற்சி முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். டப்பாவைப் பிடிப்பது நான். மனிதரை எண்ணவில்லை, பொத்தானைத்தான் எண்ணுகிறோம் என்று எல்லோருக்கும் நிம்மதி.

பிப்ரவரிப் பயிற்சியன்று வாசலில் அட்டை தேய்த்து உள்ளே போனவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர், அவரையும் சேர்த்து. டப்பாவில் இருநூற்றுப் பதினைந்து பொத்தான். மதியம் முழுக்க எண்ணினார். தேநீர் ஆறிப்போனது. மந்தாசிப் பலகாரத்தில் ஈ மொய்த்தது.

"வாங்கெச்சி, நீ ரெண்டு போட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையாண்ணே?"

மேலாளர் ஒதியேனோ அண்ணனைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "குறைஞ்சா ஆள் உள்ள மாட்டிக்கிச்சுன்னு புரியும். கூடினா என்னய்யா அர்த்தம்? ஏப்ரல்ல ஆய்வாளர் வர்றார். அன்னிக்குக் கணக்கு ஒட்டலைன்னா நீ வேற இடம் பாத்துக்க."

மார்ச் பயிற்சியில் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு டப்பாவின் பக்கத்திலேயே நின்றார். தையல் பிரிவு எம்புலா கையை விரித்தபோது டங், டங் என்று இரண்டு சத்தம். நானும் கேட்டேன். துணிக் கட்டுகளுக்குப் பின்னால் அவளை அழைத்துப் போனோம்.

"கை தவறிடுச்சாம்மா?"

அவள் ஏப்ரனை இழுத்து விட்டுக்கொண்டாள். "ரெண்டு பேரு ஓடி வந்தோம்ணே. ரெண்டு போட்டேன்." பிறகு மெல்ல, "வெளிய சொல்லிடாதீங்க. மே மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். வயிறு தெரிஞ்சா பேரை அடிச்சிருவாங்க."

"அப்ப ஒண்ணைப் போட்டுத் தொலைய வேண்டியதுதானடி," என்றேன். எனக்குக் கோபம். அந்த மனிதரின் பிழைப்பு போகப் போகிறதே.

"இதுக்கு முன்னால ரெண்டு தங்கலைக்கா. இதை மட்டும் உள்ளயே விட்டுட்டு வந்த மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

காரணம் தெரியாமல் குழம்பிய அண்ணன், தெரிந்தபின் இன்னும் குழம்பினார். இருநூற்றுப் பதினைந்து என்று எழுதினால் அவர் வேலை போகும். விளக்கம் எழுதினால் அவள் வேலை போகும். பதிவேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு மாதம் போயிற்று.

ஏப்ரலில் ஆய்வாளர் வந்தார், மணி அடித்தது, ஓடினோம். வாசல் அட்டைக் கணக்கும் இருநூற்றுப் பதினான்கு, பொத்தானும் இருநூற்றுப் பதினான்கு. அவரே இரண்டு முறை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒதியேனோ அண்ணனின் முதுகில் தட்டினார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எம்புலாவைப் பார்த்தேன். அவள் யாருக்கும் தெரியாமல் இரண்டு விரலைக் காட்டினாள். எல்லோரும் பொத்தானைத் திரும்ப எடுத்தார்கள். அவள் இரண்டு எடுத்தாள். டப்பா காலி. அண்ணன் மட்டும் கையே நீட்டவில்லை.

"உங்களுதுண்ணே?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "நான் போடலை."

"நல்லா இருக்கு. நெசமாவே தீப்பிடிச்சு நீங்க உள்ள மாட்டிக்கிட்டா யாரு தேடுவா?"

அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதான் எனக்கும் தெரியலை வாங்கெச்சி. இருநூத்திப் பதினாலுன்னு எழுதினது பொய்யா?"

அன்றிலிருந்து மணி அடித்தால், வாசலில் அவர் முகம் தெரியும்வரை நான் டப்பாவைத் திறப்பதில்லை.