மயில்கழுத்து நிறத்தில் ஒரு வாளித் தண்ணீர்

போன மாதம் மகளுக்குப் பட்டு எடுக்க விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரத் தம்பி ஒரு சேலையை உதறி விரித்தார். மயில்கழுத்து நிறம். நீலமும் பச்சையும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, மடிப்புக்கு மடிப்பு மாறிய அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மடித்து வைக்கச் சொன்னேன். “நல்ல கலர்க்கா, எல்லாரும் இதத்தான் கேக்குறாக” என்றார். கேட்கட்டும், எனக்கென்ன? எனக்கு அந்த நிறத்தைக் கண்டால் என் மாமனார் ஞாபகம்தான் வரும். கூடவே கார் எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலின் வாடையும் மூக்கில் ஏறிவிடும்.

நான் ஆனையூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது தொண்ணூறுகளின் நடுவில். மாமனார் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்த பணத்தில் ஒரு பழைய அம்பாசிடர் காரை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். எப்போதாவது திருப்பரங்குன்றம், ஆடியில் ஒரு தடவை அழகர்கோவில், அவ்வளவுதான் அதன் ஓட்டம். ஆனால் அதற்கு நடந்த உபசாரம் வீட்டில் வேறு யாருக்கும் நடந்ததில்லை. மெக்கானிக் யாரையும் அவர் நம்ப மாட்டார். ஆயில் மாற்றக் கொடுத்தால் பழசையே வடிகட்டி ஊற்றி ஏமாற்றிவிடுவார்கள் என்று தீராத சந்தேகம். அதனால் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரே காருக்கு அடியில் படுத்துவிடுவார். வெளியே சந்தனம் குங்குமம் வைத்து உள்ளே அழுக்கு எண்ணெயோடு வண்டியைச் சாமி முன்னால் நிறுத்தக்கூடாதாம்.

முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடேற்றுவார். பிறகு ஸ்பேனரோடு உள்ளே நுழைந்து அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றுவார். கறுப்பாக, கொழகொழவென்று இறங்கும். அதைப் பிடிக்க அவருக்கு வேறு பாத்திரமே கிடைக்காது, அத்தை அரிசி களைகிற அலுமினியப் பேசின்தான் வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டுப் போன வருடத்திலேயே அத்தை அந்தப் பேசினைத் தலைமுழுகிவிட்டார். மாமனார் விரலை அந்தக் கறுப்புக்குள் விட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அம்புட்டு அழுக்கையும் இழுத்திருக்கு பாரு என்று என்னிடம் பெருமையாகக் காட்டுவார். அடச்சீ என்று வாய் வரை வரும், முழுங்கிவிடுவேன். போல்ட்டை முறுக்கிவிட்டுப் புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றும்போது மட்டும் அபிஷேகம் செய்கிற பக்தி முகத்தில் இருக்கும். எல்லாம் முடிந்து, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டேன் என்று சாப்பிட உட்காருவார். நகக்கண் எல்லாம் கறுப்பு. அந்த விரல்களால் அவர் ரசம் சோறு பிசைவதைப் பார்த்த நாளெல்லாம் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கியதில்லை.

பேசினில் கிடக்கும் பழைய ஆயிலைக் கொல்லையில் தென்னை மரத்தைச் சுற்றியிருந்த குழியில் ஊற்றுவார். கறையான் அண்டாது என்பார். அந்தத் தென்னைக்கு அடுத்தாற்போல்தான் கிணறு. எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். எங்கள் கிணறு மட்டும் அப்படியொரு தித்திப்பு. காலையும் மாலையும் தெருப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். அத்தை கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்திருப்பார். யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யாருக்கு மாமியாரோடு சண்டை, எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். கோயில் குளம் என்று போகாதவர், சினிமா பார்க்காதவர். அத்தைக்கு இருந்த உலகம் அந்தக் கிணற்றடி ஒன்றுதான். ஊற்றுகிற எண்ணெயைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மண்ணு குடிச்சுரும்” என்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. தென்னங்குழி நிரம்பி வழிந்து கொல்லை முழுக்கத் தண்ணீர். கிணறு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. விடிந்ததும் அத்தை சந்தோஷமாக முதல் வாளியை இறைத்துத் துவைகல்லில் வைத்தார். தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அத்தை விரலால் விலக்கினார். விலகிவிட்டு மறுபடி வந்து கூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக் கைப்பிள்ளைக்காரி குடத்தோடு வந்தாள். என்னம்மா மண்ணெண்ணெய் வாடை அடிக்குது என்று கேட்டாள். அத்தை வாயைத் திறப்பதற்குள் மாமனார் வந்துவிட்டார். வாளியை எட்டிப் பார்த்தார். ஒரு நொடி முகம் மாறியது, நான் பார்த்தேன். உடனே சரிசெய்துகொண்டு, மழைக்குப் பாசி கலங்கியிருக்கு, துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தால் ஒன்றும் செய்யாது என்றார். ஆபீஸில் இருந்த பெரிய மனுஷர் சொல்கிறாரே என்று அவளும் குடத்தை நிறைத்துக்கொண்டு போனாள். அத்தை வாளியைக் கையில் தூக்கிக்கொண்டார். புருஷன் பேச்சை நாலு பேர் முன்னால் மறுத்துப் பழக்கமில்லாதவர்.

நான் அடுப்படிக்கு வந்து காப்பிக்குப் பாத்திரம் எடுத்தேன். மாமனார் பின்னாலேயே வந்தார். குழாய்த் தண்ணீரைப் பிளீச்சிங் பவுடர் நாற்றம் என்று வாயில் வைக்காதவர், அன்று குரலைத் தாழ்த்தி, “காப்பிக்குக் குழாய்த் தண்ணிய வச்சுக்கம்மா” என்றார். சொல்லிவிட்டு முன்கூடத்தில் பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். கருமம். அதைக் கேட்ட காதைக் கழுவ வேண்டும்போல் இருந்தது எனக்கு. கொல்லைக் கதவருகே அத்தை வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டுவிட்டார்.

அத்தை ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு, கொண்டுபோய் மாமனாரின் பேப்பர் மேல் வைத்தார்.

“குடிங்க.”

என்ன விளையாட்டு இது என்று மாமனார் எரிந்து விழுந்தார்.

“கைப்பிள்ளைக்காரி கொண்டு போயிருக்கா. அவளுக்கு ஆகும்னா உங்களுக்கும் ஆகும். குடிங்க” என்றார் அத்தை.

மாமனார் என்ன செய்தார் தெரியுமா? பேப்பர் நனையாமல் டம்ளரை ஒரு விரலால் தரைக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நகக்கண்ணில் அப்போதும் கறுப்பு இருந்தது. மனிதரில் இப்படியும் உண்டா என்று எனக்கு உடம்பே கூசிப்போனது.

அத்தை செருப்புக்கூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினார். அவள் கையிலிருந்த குடத்தை வாங்கித் தெருவில் கவிழ்த்தார். அப்புறம் கிணற்றடிக்கு வந்து, குடத்தோடு வந்த ஒவ்வொருத்தியிடமும், யாரும் எடுக்காதீக, எங்க வீட்டு ஆயிலு இறங்கிருச்சு என்று தானே சொன்னார். யாரும் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் வரவுமில்லை. தூர் வாரி முழுதாக இறைத்துப் பார்த்தோம். அடுத்த மழைக்கு அதே நிறம் வந்தது. கடைசியில் சிலாப் போட்டு மூடினோம். மாலையானால் அத்தை வழக்கம்போலத் துவைகல்லில் போய் உட்காருவார். பெண்கள் தெருமுனைக் குழாய்க்குப் போகிற குடச் சத்தம் மட்டும் கேட்கும்.

மாமனார் திருந்தினாரா என்று கேட்காதீர்கள். அடுத்த ஆயுத பூஜைக்கும் காருக்கு அடியில் படுத்தார். பழைய ஆயிலை வாசல் சாக்கடையில் ஊற்றினார். கொசு வராதாம்.

பல வருடம் கழித்துப் படுக்கையில் விழுந்தபோது, காரும் இல்லை, நாக்கில் ருசியும் இல்லை. எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் துப்பினார். ஒரு நாள் அத்தையின் கையைப் பிடித்து, நம்ம கிணத்துத் தண்ணி ஒரு வாய் கொடு என்று கேட்டார். அத்தை கையை விலக்கிக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“மண்ணு குடிச்சுருச்சு.”

சாகக் கிடக்கிறவர் கேட்கிறாரே என்று எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடையில் மகள் அந்தச் சேலையைத்தான் மறுபடி எடுத்து விரிக்கச் சொன்னாள். அவள் வளர்ந்தது குழாய்த் தண்ணீரில், அவளுக்கு என்ன தெரியும்? தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, எம்புட்டு அழகா இருக்கு பாரும்மா என்றாள். அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பணத்தைக் கட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரை பையை அவளே தூக்கி வந்தாள். நான் தொடவில்லை.