இரண்டாவது கியரைத் தாண்டாத சிவப்பு வண்டி

பூனாவின் போபோடி முழுக்க ஒரு வதந்தி ஓடுகிறது. வதந்தி என்பதால் ஓடுகிறது. அது எதைப் பற்றியதோ அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஊர்கிறது. இரண்டே சீட், மடக்கும் துணிக் கூரை, தரையோடு தரையாக உட்கார்ந்த உடம்பு. பார்த்தால் இந்த நிமிஷம் சீறிவிடும் என்று தோன்றும். ஆனால் இரண்டாவது கியரைத் தாண்டி அது போனதை யாரும் பார்த்ததில்லையாம்.

ஏன் என்பதில் மூன்று கட்சிகள். பழைய சொந்தக்காரர் மற்ற கியர்களைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்ச வண்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்பது டீக்கடைக் கட்சி. இப்போதைய சொந்தக்காரர் சுப்பையா, முருகனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறார் என்பது கோயில் கட்சி. பெண்டாட்டி விடமாட்டாள் என்பது குழாயடிக் கட்சி.

விசாரித்துப் பார்த்தால், கியர் ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன; தீபாவளிவரை வண்டி எல்லாவற்றிலும் ஓடியதை வதந்தி மறந்துவிட்டது. முருகனிடம் சுப்பையா வேண்டிக்கொள்வதெல்லாம் வேகத்தைத்தான். குழாயடிக் கட்சி மட்டும் உண்மைக்குப் பக்கத்துச் சந்துவரை வந்து திரும்பிவிட்டது. அந்தக் காரில் கியர் போடுவது பெண்டாட்டி பவுன்தான். மூன்றாவது போட அவளுக்கு முடியவில்லை.

சுப்பையா பக்கத்துக் கட்கியில் ராணுவ லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம், ஒரு கீறல் கிடையாது. கனடாவுக்குப் புறப்பட்ட ஹிஞ்சேவாடி சாஃப்ட்வேர்க்காரர் ஒருவரிடமிருந்து இந்தக் காரை வாங்கி வந்த அன்று, மகள் தீபாவின் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. மூன்றே மாதம். ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் படுத்துவிட்டது. கால் பாதி திரும்பி வந்தது. கை வரவில்லை.

நம் ஊர்க் கார்களில் ஸ்டீரிங் வலது கைக்கு, கியர் இடது கைக்கு. ஆக, சுப்பையாவுக்கு எல்லாம் இருந்தது, கியர் போட ஒரு கை மட்டும் இல்லை. பக்கத்து சீட்டில் பவுனின் வலது கை சும்மா இருந்தது. கல்யாணமாகி முப்பத்து நான்காம் வருஷம் அவள் கியர் போடக் கற்றுக்கொண்டாள். அவர் க்ளட்ச்சை மிதித்து எண்ணைச் சொல்வார், அவள் போடுவாள். இப்போது ஓட்டுவது யார் என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்டால் சொல்வது கடினம். அங்குள்ள படிவத்தில் ஓட்டுநர் பெயருக்கு ஒரு கோடுதான் போட்டிருக்கிறார்கள். அதனால் இவர்களும் அந்தப் பக்கம் போவதில்லை.

"அப்பா, ஆட்டோமேடிக் எடுத்துக்கோங்கப்பா, ப்ளீஸ். க்ளட்ச்சே கிடையாது," என்று தீபா போனில் கெஞ்சினாள்.

"க்ளட்ச் இல்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்கும்மா? ஒரு அரிசி மூட்டையத் தூக்கி வச்சாப் போதுமே," என்றார் சுப்பையா.

அரிசி மூட்டையைத் தூக்குவது பவுனுக்கு எளிதாக இருந்திருக்கும். எட்டு மாதமாகக் கட்டிலிலிருந்து, கக்கூஸிலிருந்து, குளிக்கும் ஸ்டூலிலிருந்து அவரைத் தூக்கித் தூக்கி, தீபாவளிக்குப் பிறகு அவளுடைய வலது தோள் இறுகிவிட்டது. தலை பின்ன முடியவில்லை. ரவிக்கைக்குள் கையை நுழைப்பதே காலையின் முதல் வேலை, அதிலேயே பாதி நாள் அலுத்துவிடும். முதல் கியர் அவள் பக்கமாகவே இருந்தது, போட்டுவிடலாம். இரண்டாவது, தன் மடியை நோக்கி இழுப்பது; அதுவும் ஆகும். மூன்றாவதற்குத்தான் கையை விலக்கி, நீட்டி, முன்னே தள்ள வேண்டும். தள்ளினால் தோளுக்குள் யாரோ துணி கிழிப்பது போலிருக்கும்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முதல் இரண்டு மாதம் அவர் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். பிசியோதெரபிக்கு ஆட்டோவில் வரமாட்டேன் என்று பிடிவாதம். பிறகு இந்த ஏற்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள், 'வண்டி எடுக்கணும்லா' என்று தானே எழுந்து உட்காரத் தொடங்கினார். கிளினிக்கில் பிசியோ செய்கிற பெண் ப்ரியம்வதா, பேங்க் காலனித் தமிழ்ப் பெண், அதைத்தான் சொன்னாள்: "அங்கிளோட லெக் இவ்ளோ இம்ப்ரூவ் ஆனது அந்த க்ளட்ச்னாலதான் ஆன்ட்டி. நான் குடுக்கற எக்ஸர்சைஸ்லாம் சும்மா."

ஆகவே, தோளைப் பற்றி வாய் திறந்தால் வண்டிக்குப் போர்வை விழும், அவர் சுவர்ப் பக்கம் திரும்புவார், வந்த காலும் போகும். பவுன் வாயை மூடிக்கொண்டு வண்டியை இரண்டிலேயே வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கிளம்பினார்கள்.

"ரெண்டு," என்றார்.

"போட்டாச்சி."

எஞ்சின் அடித்தொண்டையில் கத்தியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவேயில்லை.

"மூணு."

"எதுக்க கூட்டமா இருக்கு. ரெண்டே போதும்."

"ஏளா, எங்க கூட்டம்? ஒரே ஒரு நாய்லா நிக்கி!"

"நாய்க்குப் பின்னால வரும்."

"நீ கியர் போடுதியா, ஜோசியம் பாக்கியா? மிலிட்டரில இப்படிச் சொல்பேச்சு கேக்காத கிளீனரை அன்னிக்கே எறக்கி விட்டிருப்பேன்."

"எறக்கி விடுங்க. நடந்து போயிருதேன். நீங்க மூணுல போங்க."

அவர் சிரித்துவிட்டார். சைக்கிளில் போன பேப்பர்க்காரர் ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார், பரிதாபமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

கிளினிக்கில் ப்ரியம்வதா அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலை மடக்கினாள். பவுன் வெளியே பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நாற்பது நிமிஷம்தான் அவளுக்கு யாரும் எண் சொல்லாத நேரம். உள்ளே, நல்ல மனசோடு, அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், ஆன்ட்டி அந்த ஷோல்டர் எக்ஸர்சைஸ் பண்றாங்களா? ரைட் கையே தூக்க முடியலன்னாங்களே, ரெண்டு மாசமா?"

வெளியே வந்தபோது சுப்பையாவின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. பவுன் அவரைச் சீட்டில் இறக்கப் போனாள். அவர் அவள் கையைத் தள்ளிவிட்டு, கதவைப் பிடித்துத் தானே சரிந்து தொப்பென்று விழுந்தார்.

"ஒண்ணு," என்றார். போட்டாள். "ரெண்டு." போட்டாள்.

கன்டோன்மென்ட் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. அவர் அடுத்த எண்ணைச் சொல்லவில்லை. எஞ்சின் கத்தியது, அப்போதும் சொல்லவில்லை.

"மூணு கேக்கலியா?" என்றாள் பவுன்.

"கூட்டமா இருக்கு."

ரோட்டில் ஒரு காக்காய்கூட இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தப் புள்ள சொல்லிட்டாளாக்கும்."

அவர் க்ளட்ச்சை மிதித்தார். ஸ்டீரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, குறுக்கே நீட்டி, கியரைத் தானே மூன்றுக்குத் தள்ளினார். வண்டி டிவைடர் பக்கம் சாய்ந்தது. "ஐயோ பாவி!" என்று பவுன் ஸ்டீரிங்கை எட்டிப் பிடித்தாள். இரண்டு வினாடி, மூன்று வினாடி, பூனாவில் அந்தக் காரைப் பவுன்தான் ஓட்டினாள். ஸ்டீரிங் அவருடைய கைக்குத் திரும்பியபோது இருவருக்கும் வியர்த்திருந்தது. டிவைடருக்கு அந்தப் பக்கம் வந்த டெம்போக்காரர் தலையை வெளியே நீட்டி, அவர்களுடைய வம்சத்தை இந்தியில் விசாரித்துவிட்டுப் போனார்.

வண்டி மூன்றாவதில் சத்தமில்லாமல் போனது. யாருக்கும் அது சந்தோஷமாக இல்லை. ஓரமாக நிறுத்தினார்.

"முப்பத்தொரு வருசம் ஒரு கீறல் இல்ல," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, "எதுக்கு சொல்லல?"

"சொன்னா போர்வையைப் போட்டு மூடிருவிய. அப்புறம் அந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடப்பிய. எனக்கு அந்த முதுகைப் பாக்கவே அலுப்பா இருக்கு. தோளு வலி தேவலாம்."

"வித்துருவமா?"

பவுன் குனிந்து பார்த்தாள். அவர் இடது கால் க்ளட்ச் மேல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.

"கால் நல்லா வரட்டும். அதுவரைக்கும் ரெண்டுலயே போவம். பொறத்தால ஹாரன் அடிக்கவன் அடிச்சிட்டுப் போறான். ஆனா ஒண்ணு, இனிமே ஒங்களைத் தூக்க என்னால ஆவாது. சத்தியமா ஆவாது."

"சரி," என்றார் சுப்பையா. பொதுவாக அவர் அவ்வளவு சீக்கிரம் சொல்லும் வார்த்தையல்ல.

வீட்டு வாசலுக்கு வந்ததும், தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்து வரத் தன்னால் முடியாது என்பது அவருக்கு நினைவு வந்தது. பவுன் தன் பக்கம் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் எதிரே பார்த்தார். ஸ்கூட்டர் சீட் தைக்கும் கடையில் சலீம், வாயில் நூலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். எட்டு மாதமாகத் தெருவில் ஒருவரிடமும் உதவி கேட்காத சுப்பையா தொண்டையைச் செருமினார்.

"சலீம் பாய்... ஸரா ஹாத் தேனா," என்று இந்தியில் கொஞ்சம் கை கொடுக்கச் சொன்னார்.

சலீம் ஓடிவந்து, இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, ஒரே தூக்கில் அவரை நிறுத்திவிட்டான். "சாச்சி, இவர உரம் போட்டு வளத்தீங்களா?" என்று பவுனிடம் போபோடித் தமிழில் கேட்டான். பவுன் பல நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே தோளைப் பிடித்துக்கொண்டு.

"என்ன வேணும் சொல்லு," என்றார் சுப்பையா. சும்மா வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

சலீம் காரைத் தடவிப் பார்த்தான். "ஒரு ரவுண்டு. கட்கி ஸ்டேஷன் போயிட்டு ரிட்டன். அவ்ளோதான்."

"தந்தேன்," என்றார் சுப்பையா.

பிறகுதான் யோசித்தார்கள். சீட்டு இரண்டு. இடது சீட்டில் உட்காருகிறவர் கியர் போட வேண்டும். சலீமிடம் இருப்பது கியரில்லாத ஸ்கூட்டர். வாழ்நாளில் அவன் ஒரு கியரைத் தொட்டதில்லை. சுப்பையா மூன்று நாள் மாலையில், நிறுத்திய வண்டியில் அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு என்றால் நான்கு போடுகிறான்.

தூக்குவது மட்டும் தவறாமல் நடக்கிறது, காலையில் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை. சலீமுக்குத் தர வேண்டிய அந்த ஒரு ரவுண்டு இன்னும் தரப்படவில்லை.